“அனுபவம்: இல்லை” என்று எழுதாதீர்கள்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி எமது சங்கம் குச்சவெளியில் நடத்திய தொழில் வழிகாட்டற் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நானும் குச்சவெளிப் பிள்ளைதான். புல்மோட்டை வீதியால் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போய், விடுதியில் தங்கிப் படித்தவள். இன்று ஆட்சேர்ப்புக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை.

அண்மையில் ஒரு பிள்ளையின் சுயவிபரக்கோவை வந்தது. நான்கு பக்கம். முதற்பக்கம் முழுக்க மதம், இனம், தகப்பன் பெயர். ‘அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’. நேர்முகத்தில் விசாரித்தால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளராம். நாற்பது பேரின் சேமிப்புக் கணக்கை எழுதியிருக்கிறாள். “அது சம்பளமில்லாத வேலைதானே மிஸ்” என்றாள்.

தங்கைமாரே, அதுதான் அனுபவம். ‘40 அங்கத்தவரின் சேமிப்பு, கடன் கணக்குகளை 3 வருடம் பேணினேன்’ என்று எண்ணோடு எழுதுங்கள்.

அமைப்பைப் பற்றிச் சில வார்த்தை. இரண்டு பக்கம் போதும். மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். பிறகு கடைசியாகச் செய்ததும் படித்ததும் முதலில் வரட்டும். உயர்தரத்துக்குக் கீழேதான் சாதாரண தரம். தொழிற்பயிற்சி பெற்றிருந்தால் என்.வி.கியூ. மட்டத்தைக் குறிப்பிடுங்கள். பாமினியில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யுனிகோட்டில் அடித்து, பீ.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். உறவினரல்லாத இருவரைச் சான்றுக்குப் போடுங்கள். முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். வர்த்தமானியில் வரும் அரச பதவிக்கு அதிலுள்ள மாதிரிப் படிவத்தையே பின்பற்ற வேண்டும். கனடா, இங்கிலாந்துக்கு அனுப்புவதில் படம், மதம், விவாக நிலை வேண்டாம்.

இன்னொன்று. 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்தோம். என் முதல் விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருடத்தை மறைத்தேன். நேர்முகத்தில் கேட்டபோது தடுமாறினேன், வேலை கிடைக்கவில்லை. அடுத்த தடவை, ‘1990–1992: இடப்பெயர்வு. முகாமில் சிறுவர்களுக்கு வகுப்பு எடுத்தேன்’ என்று ஒரு வரி எழுதினேன். அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. 2004 கடற்கோளில் சான்றிதழ்களை இழந்தவர்களும் தயங்க வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழை மீண்டும் பெறலாம்.

எங்கெங்கோ இருக்கும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு தங்கையின் சுயவிபரக்கோவையை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். ‘இல்லை’ என்று அவள் எழுதிய இடத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.