வெட்டுத்துணியில் ஒரு விரிப்பு

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூடுகையில் பேசியது. பலர் கேட்டதால் அளவுகளையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் லிஃப்ட் பக்கத்தில் என் கைப்பையைப் பார்த்துவிட்டு நம் செயலாளர் கேட்டார்: "என்ன மேடம், ரிட்டயர் ஆகியும் கட்டு கட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?" அவர் பார்த்தது ரூபாய் நோட்டு இல்லை. நூறு நூறாக ரப்பர் பேண்டு போட்ட ஆறுமூலைக் காகிதங்கள். விஷயத்தைச் சொன்னதும், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று அவரே தேதியும் குறித்துவிட்டார். 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவளுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் தேவிகாபுரம். ஆரணி, சேத்துப்பட்டு, போளூர் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. பெரியநாயகி அம்மன் கோயிலும், மலைமேல் கனககிரீஸ்வரர் கோயிலும், தெருத்தெருவாகத் தறிச் சத்தமும்தான் ஊரின் அடையாளம். கடையில் ஆரணிப் பட்டு என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதில் எங்கள் ஊர்த் தறிகளின் பங்கும் உண்டு. அப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்தார். அம்மா தார் சுற்றினார். பழைய பாவு முடிந்ததும், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பதும் அம்மாதான். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும்.

அப்படி ஒரு கோடு விழுந்த புடவைதான் இந்தப் பேச்சுக்கே காரணம். 1971-ல், எனக்குப் பத்துப் பதினோரு வயது. அப்பா ராத்திரி விளக்கில் நெய்துகொண்டிருந்தபோது இரண்டு இழை அறுந்தது. கவனிக்காமல் நாலு விரல் நீளம் நெய்துவிட்டார். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். நூல் கொடுத்த முதலாளி அதைக் கழித்துவிட்டார். புடவை எங்கள் தலையில், அதன் விலை அப்பாவின் கூலியில் பிடித்தம். மாசக்கணக்கில் பிடித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பட்டுக்கு இழை பிணைத்த அம்மாவிடம் இருந்த ஒரே பட்டுப்புடவை அதுதான். எங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் அதைத்தான் கட்டினார், கோடு கொசுவத்துக்குள் மறையும்படி.

அம்மா போன பிறகு புடவை என்னிடம் வந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். 8 வருஷம் கழித்து எடுத்தபோது, மடிப்பு இருந்த இடமெல்லாம் கீறலாகப் பிரிந்திருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. பழைய பட்டு எடுக்கும் கடையில் எடை போட்டுப் பார்த்து 2,400 ரூபாய் என்றார்கள். திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விற்கவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. பேரேட்டில் தீராமல் நிற்கும் சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி பீரோவில் கிடந்தது.

அந்தச் சமயம் லெஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து நூலகத்தில் வாரம் ஒரு நாள் என் வயதுப் பெண்கள் கூடித் தைப்பார்கள். மெஷின் இல்லை. ஊசி, நூல், கொஞ்சம் காகிதம். 'இங்கிலீஷ் பேப்பர் பீசிங்' என்று பெயர். காகிதத்தை ஆறுமூலையாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, துண்டுகளை ஒன்றோடு ஒன்று கையால் தைத்துச் சேர்ப்பது. கடைசியில் காகிதம் வெளியே வந்துவிடும்.

ஏன் ஆறுமூலை? ஒரே அளவான, எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவங்களில் இடைவெளி இல்லாமல் தரையை நிரப்பக்கூடியவை மூன்றுதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். அதில் அறுகோணத்துக்குக் கூர்முனை கிடையாது. அதனால் மூலையில் துணி குவிந்து தடிக்காது. சின்னச் சின்ன வெட்டுத்துணிக்கும் அது தோது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு வைத்தால் பூ. அடுத்த சுற்றுக்கு 12, அதற்கடுத்து 18.

இனி செய்முறை.

காகிதம்: கடையில் வாங்க வேண்டாம். பேரப்பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸ் போதும். காம்பஸை 1 அங்குலம் விரித்து வட்டம் போடுங்கள். அதே அளவில் வட்டத்தின் விளிம்பில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் சரியாக 6 புள்ளி விழும். அவற்றை இணைத்தால் 1 அங்குலப் பக்கமுள்ள அறுகோணம். மாதக் காலண்டர் தாள் சரியான தடிமன். நோட்டுப்புத்தகத் தாள் வளைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஊசி சிக்கும். சாயம் போகும் வண்ண நோட்டீஸ் தாள் மட்டும் வேண்டாம். நான் அதைப் பயன்படுத்தித் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதில், 20 துண்டில் ரோஸ் சாயம் இறங்கிவிட்டது.

துணி: சுற்றிலும் கால் அங்குலம் மடிப்புக்கு வேண்டும். 2¾ அங்குலச் சதுரமாக வெட்டினால் தாராளம். பருத்திதான் கற்றுக்கொள்ள நல்லது. பட்டு நழுவும், ஓரம் பிரியும். பழைய பட்டென்றால் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக இழுத்தால் பிரிகிற இடத்தை ஒதுக்கிவிடுங்கள். மற்றதற்குப் பின்னால் மெல்லிய மல்மல் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஜரிகை மடிப்பில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்திரியும் சூடு குறைத்து, மேலே பருத்தித் துணி போட்டுத்தான்.

மடிப்பு: காகிதத்தைத் துணியின் பின்பக்கம் நடுவில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக மடித்து, மூலைகளில் மட்டும் மடிப்புத் துணியைச் சேர்த்து ஒரு தையல் போடுங்கள். காகிதத்தைக் குத்த வேண்டாம். பட்டில் ஊசி குத்திய ஓட்டை மறையாது, அதனால் முன்பக்கம் ஊசி வரவே கூடாது.

சேர்ப்பது: இரண்டு துண்டின் முகமும் உள்ளே பார்க்கும்படி ஒட்டிப் பிடித்து, விளிம்பில் ஓரிரண்டு இழை மட்டும் எடுத்துச் சுற்றிச் சுற்றித் தையுங்கள். அங்குலத்துக்கு 10, 12 தையல். மெல்லிய ஊசி, துணியின் நிறத்தில் நூல்.

காகிதத்தை எடுப்பது: இங்கேதான் எல்லாருமே அவசரப்படுவோம். ஒரு துண்டின் ஆறு பக்கத்திலும் பக்கத்துத் துண்டுகள் சேர்ந்த பிறகுதான் அதன் காகிதத்தை உருவ வேண்டும். அதுவரை வடிவத்தைப் பிடித்திருப்பது காகிதம். அதற்குப் பிறகு பிடித்திருப்பது பக்கத்துத் துண்டுகள். முதல் பூவில் நான் முன்னாடியே எடுத்துவிட்டேன். வதங்கின பூவாகத் தொங்கியது. உருவின காகிதத்தை எறியாதீர்கள், மறுபடி பயன்படும். 100 காகிதம் இருந்தால் சுழல்நிதி போல ஓடிக்கொண்டே இருக்கும்.

பி.காம். படித்தவள், கணக்குச் சொல்லாமல் விடமாட்டேன். 1 அங்குல அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர அங்குலம். ஒற்றைக் கட்டில் விரிப்பு 60-க்கு 90 அங்குலம் என்றால் ஏறக்குறைய 2,080 துண்டு. தினம் 6 மடித்தால் துண்டு மடிக்கவே ஒரு வருஷம் ஆகும். பயப்படாதீர்கள். மடியில் போர்த்தும் அளவு, 3 அடிக்கு 4 அடி என்றால் 665 துண்டில் முடியும். முதலில் ஒரே ஒரு பூ, 7 துண்டு. அதை ஒரு பையின்மேல் வைத்துத் தையுங்கள்.

இது ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைக்கப்பட்ட ஒரு பட்டு விரிப்பு இன்றும் இருக்கிறது. இதே முறையில், காகிதத்தின்மேல் தைத்துச் சேர்த்தது. பழைய விரிப்புகள் சிலவற்றில் காகிதத்தை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். கடிதம், கணக்குச் சீட்டு, பிள்ளைகளின் காப்பி நோட்டு எல்லாம் உள்ளே கிடைத்திருக்கின்றன. அதை வைத்து ஆராய்ச்சியாளர்கள் காலம் கணிக்கிறார்கள். வவுச்சரைப் பத்திரப்படுத்துவது வங்கியில் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று நமக்குக் கொஞ்சம் பக்கம். 1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது, சாங்கி சிறையில் அடைக்கப்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே சாரணச் சிறுமிகள் சிலர், தங்களை வழிநடத்திய எலிசபெத் என்னிஸ் அம்மையாரின் பிறந்தநாளுக்காக, கிடைத்த கந்தல் துணியில் இதே ஆறுமூலைப் பூக்களைத் தைத்தார்கள். பூவின் நடுவில் தங்கள் பெயரையும் தைத்தார்கள். அது இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யத் தோன்றியிருக்கிறது.

இனி என் புடவைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் கத்திரிக்கோலை எடுத்தேன். உறுதியாக இருந்த பாகத்தில் இருநூறுக்கு மேல் துண்டுகள் தேறின. மயில்கழுத்தில் ஆறு இதழ், அரக்கில் நடு. பூக்களுக்கு நடுவில் சந்தன நிறத்தில் பாதை. மொத்தம் 35 பூ என்று கணக்கு.

தங்கையிடம் போனில் சொன்னேன். அவள் தேவிகாபுரத்திலேயே இருக்கிறாள், அவள் வீட்டில் இன்றும் தறி ஓடுகிறது. "அக்கா, அம்மா புடவையிலயா கத்திரிக்கோல வச்ச?" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. போனை வைத்துவிட்டாள். நெய்கிறவர்கள் வீட்டில் தறியிலிருந்து புடவையை அறுத்து எடுக்கும் நாள் ஒன்றுதான் கத்திரிக்கோலுக்கு. அதற்குப் பிறகு புடவையில் வைக்கக்கூடாது. எனக்குத் தெரியாதா? நாலு மாசம் பேச்சு இல்லை. நான் பாட்டுக்குத் தைத்தேன், ஆனால் 34 பூவோடு நிறுத்திவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனபோது விரிப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாவெறுப்பாகத்தான் மடியில் வாங்கினாள். ஒவ்வொரு பூவாக விரலால் தடவிக்கொண்டே போனாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்து, "கோடு எங்கக்கா?" என்றாள்.

அதை நான் ஒதுக்கியிருந்தேன். பழுதான துண்டு என்று வெட்டி, கழிவுப் பையில் போட்டிருந்தேன். அந்த முதலாளி செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லவேளை, பையைக் கொட்டவில்லை. தேடி எடுத்துக் கொடுத்தேன். தங்கை தானே காகிதம் வைத்து மடித்தாள். கோடு துண்டின் குறுக்கே நேராக ஓடியது. அதை நடுவில் வைத்து, சுற்றி அரக்கு இதழ் போட்டு, 35-ஆவது பூவை அவள்தான் முடித்தாள். தையல் என்னுடையதைவிட நெருக்கம். அம்மாவின் விரல் அவளுக்குத்தான் வந்திருக்கிறது. விரிப்பு இப்போது ஆறு மாசம் அவள் வீட்டில், ஆறு மாசம் என் வீட்டில்.

எல்லாரும் புடவையை வெட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. கட்ட முடிந்ததைக் கட்டுங்கள். பூட்டி வைத்திருப்பவர்கள் மூன்று மாசத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால் கத்திரிக்கோலுக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் பிரிந்துபோய்விட்டது என்றால், விட்டுவைப்பதால் அது சேரப்போவதில்லை. வெட்டுவதற்கு முன்னால் கூடப் பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவும் என் அனுபவம்.

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். தையல்காரரிடம் சொன்னால் வெட்டுத்துணி கொடுப்பார். ஒரு சின்ன ஊசி, நூல், பழைய காலண்டர், கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி, இவ்வளவுதான் கொண்டு வர வேண்டும். ஆண்களும் வரலாம். கோணி ஊசியால் வவுச்சர் கட்டுத் தைத்த என் பழைய சகாக்களைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே தைப்பார்கள்.