தோடியில் முடியும் ஒரு ஆப்பரா

இன்னைக்கு ஒரு ஆப்பராவைப் பத்திப் பேசப் போறோம். ஓடிடாதீங்க, அதுல நம்ம ஆளுங்க இருக்காங்க.

ஆப்பராவோட பேரு ‘சத்தியாகிரகா’. எழுதினவர் பிலிப் கிளாஸ், அமெரிக்கர். 1980 செப்டம்பர்ல நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்துல முதல் தடவையா மேடையேறுச்சு. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த வருஷங்கள்தான் கதை. பாடுற மொழி சமஸ்கிருதம், வரிகள் பகவத் கீதையிலிருந்து. கடைசி அங்கம் முழுக்க 1913-ல் நடந்த நியூகாசில் நடைப்பயணம். அந்தப் பயணத்துக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இசை.

மேற்கத்திய செவ்வியல் இசை நம்மில் பலருக்கு ராஜா சார் வழியாத்தான் வந்துச்சு. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேட்டவங்களுக்கு பாக் ஓரளவு சொந்தக்காரர் மாதிரி. ஆனா பாக் இறந்தது 1750-ல். அதுக்கப்புறம் அங்கே என்ன நடந்துச்சுங்கற கதை நம்ம பக்கம் சரியா வந்து சேரல. சுருக்கமா சொல்றேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஷோன்பெர்க் ‘ஆதார ஸ்வரம்னு ஒண்ணு வேண்டாம், பன்னிரண்டு ஸ்வரமும் சமம்’ங்கற இடத்துக்கு வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பூலெஸ் மாதிரி ஆட்கள் அதை இன்னும் கறாராக்கினாங்க. பல்கலைக்கழகங்கள்ல அதுதான் சீரியஸான இசைன்னு ஆச்சு. மூளைக்கு வேலை நிறைய, முணுமுணுக்க எதுவும் கிடைக்காது. அதுக்கு எதிரா அறுபதுகள்ல அமெரிக்காவுல கிளம்பினதுதான் மினிமலிசம். கொஞ்சம் ஸ்வரம், நிலையான துடிப்பு, திரும்பத் திரும்ப வாசிப்பு, மெதுவான மாற்றம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வளர்ந்த எனக்கு இது புது விஷயமாவே தெரியல. பக்கத்துப் பக்கத்து ஷெட்டுல ரெண்டு பிரஸ் மெஷின் ஓடும். ரெண்டும் ஒரே வேகம் மாதிரி இருக்கும், ஆனா இருக்காது. சேர்ந்து அடிக்கும், கொஞ்சம் விலகும், ஒண்ணோட இடைவெளியில இன்னொண்ணு விழும், மறுபடி சேரும். ஸ்டீவ் ரைக் 1967-ல் எழுதின ‘பியானோ ஃபேஸ்’ அச்சு அசலா இதுதான். ரெண்டு பேரும் பன்னிரண்டு ஸ்வரம் கொண்ட ஒரே துண்டை வாசிப்பாங்க. ஒருத்தர் மட்டும் மெல்ல மெல்ல வேகம் கூட்டி முன்னாடி நகர்வார். அவ்வளவுதான் அடிப்படை யோசனை.

கிளாஸ் வந்த வழி வேற. அறுபதுகளின் நடுவில் பாரிஸ்ல நாடியா பூலான்ஜேகிட்ட படிச்சுக்கிட்டிருந்தார். அப்போ ஒரு படத்துக்கு இசையமைக்க ரவிசங்கர் அங்கே வந்தார். அவர் சொல்றதை ஃபிரெஞ்சு வாத்தியக்காரங்க வாசிக்கிற மாதிரி மேற்கத்திய குறிப்புல எழுதித் தர்றது கிளாஸோட வேலை. எழுதினா தப்பா வருது. எங்கே கோடு போட்டுப் பிரிச்சாலும் தேவையில்லாத ஸ்வரத்துல அழுத்தம் விழுது. தபலா வாசிச்ச அல்லா ரக்கா, ‘எல்லா ஸ்வரமும் சமம்தான்’னு திரும்பத் திரும்பச் சொல்றார். கடைசியில கிளாஸ் கோடுகளை எல்லாம் அழிச்சுட்டார். அப்பத்தான் ரெண்டும் மூணுமா சேர்ந்து ஓடுற கணக்கு கண்ணுல பட்டுச்சாம்.

அந்தக் கணக்கை வச்சு 1968-ல் ‘டூ பேஜஸ்’னு ஒண்ணு எழுதினார். இதை நான் வாயால சொல்றேன், நீங்க கையால தட்டுங்க. முதல்ல ஐந்து ஸ்வரம் மட்டும்: தகதகிட. அதையே பல தடவை. அடுத்து ஐந்தும் நாலும்: தகதகிட தகதிமி. அடுத்து மூணு சேரும்: தகதகிட தகதிமி தகிட. அடுத்து ரெண்டு: தகதகிட தகதிமி தகிட தக. அப்புறம் வந்த வழியே திரும்பி, மறுபடி ஐந்துக்கு. நம்ம வேலையில இருக்கறவங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, ஒவ்வொரு சுத்துலயும் லிஸ்ட்டுல ஒண்ணு அப்பெண்ட் பண்ற ஃபார் லூப்.

மிருதங்கம் கத்துக்கிட்டவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. ஐந்து, நாலு, மூணு, ரெண்டுன்னு வால் மாதிரி சிறுத்துக்கிட்டே போற இந்த வடிவத்துக்கு நம்மகிட்ட பேரே இருக்கு: கோபுச்ச யதி.

ஆனா ‘எல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு’ன்னு சொல்லி எழுந்து போக முடியாது. மிருதங்க வித்வான் இந்தப் பதினாலோட ரெண்டு கார்வை சேர்த்துப் பதினாறாக்கி, சமத்துல கொண்டு வந்து இறக்குவார். சபாவுல அந்த இடத்துலதான் கைதட்டு விழும். கிளாஸ்கிட்ட அடியில ஓடுற தாளமும் கிடையாது, சமமும் கிடையாது. நம்ம காது இறங்குற இடத்துக்காகக் காத்துக்கிட்டே இருக்கும், அது வரவே வராது. மிருதங்கம் வாசிக்கிற என் நண்பன் அஞ்சு நிமிஷத்துல ஹெட்ஃபோனைக் கழட்டி, ‘கணக்கு சரி, முடிவு எங்கடா?’ன்னான். அந்தக் காத்திருப்பை விட்டுட்டா மட்டும்தான் இந்த இசை திறக்கும். எனக்கு அது சென்ட்ரலுக்குப் போற மின்சார ரயில்ல, மீஞ்சூர் தாண்டி எங்கேயோ நடந்துச்சு.

இப்போ நியூகாசில். 1860-ல் மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து ‘ட்ரூரோ’ங்கற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோட நேட்டாலுக்குக் கிளம்புச்சு. பின்னாடி கப்பல் கப்பலா போனாங்க. வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள்ல இருந்து நிறைய பேர். பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அப்போ செங்கல்பட்டு மாவட்டம்தான். ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே சுதந்திரமா இருக்கணும்னா வருஷத்துக்கு மூணு பவுன் வரி கட்டணும். 1913 அக்டோபர்ல டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் வேலைநிறுத்தம் பண்ணச் சொல்லிப் பேசினாங்க. தொழிலாளிங்க சுரங்கத்தை விட்டு வெளியே வந்துட்டாங்க. அந்தப் பெண்களுக்கு மூணு மாசம் கடுங்காவல். நவம்பர் 6-ஆம் தேதி டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டக் கிளம்பின கூட்டத்துக்கு காந்தி தர்ற கணக்கு: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அடுத்த வருஷம் அந்த வரியை ரத்து பண்ணினாங்க.

அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தர் தம்பி நாயுடுவின் மனைவி. ஆப்பராவின் பாத்திரப் பட்டியல்ல ‘மிஸஸ் நாயுடு’ன்னு ஒரு சோப்ரானோ வேஷம் இருக்கு. உலகத்தின் பெரிய ஆப்பரா மேடைகள்ல, நம்ம கூலிக் குடும்பங்களோட ஜெயிலுக்குப் போன ஒரு பெண் நிக்கறாங்க, சமஸ்கிருதத்துல பாடிக்கிட்டு.

இந்த சமஸ்கிருதம்தான் எனக்கு இடிக்குது. பார்க்கறவங்க வார்த்தையைத் துரத்தாம இசையைக் கேக்கணும், காட்சியைப் பார்க்கணும். அதுக்காக யாருக்கும் புரியாத மொழிங்கறது ஒரு நல்ல காரணம்தான். காந்திக்கு கீதை எவ்வளவு முக்கியம்னும் தெரியும். ஆனா அந்த 2,037 பேர்ல பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசினவங்க. கோரஸ்ல அவங்க இருக்காங்க, அவங்க பேச்சு இல்ல. இன்னைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்து நம்ம ஊர் ரோலிங் மில்லுல ஷிஃப்ட் பார்க்கறவங்களைப் பத்தி ஒருத்தர் ஆப்பரா எழுதி, அதுல அவங்க மொழி ஒரு சொல்கூட இல்லாமப் போனா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

இடிச்சாலும் கேக்கறதை நிறுத்த முடியல. காரணம் கடைசிப் பாட்டு. காந்தியா பாடுற டெனர் ஒரே ஒரு ஆரோகணத்தைப் பாடுவார். கீழ் ஷட்ஜத்துலிருந்து மேல் ஷட்ஜம் வரைக்கும் படிப்படியா ஏறும். மறுபடி கீழேயிருந்து. மறுபடியும். மேற்குல இந்த ஸ்வர வரிசைக்கு ஃப்ரிஜியன்னு பேரு. நமக்கு அது ஹனுமத்தோடி. கமகம் ஒண்ணும் கிடையாது, அதனால தோடின்னு பாடகர்கள் ஒத்துக்க மாட்டாங்க. ஸ்வரம் மட்டும் அதே ஏழு. ஒவ்வொரு தடவையும் அதே ஏத்தம், அடியில ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் நகரும். ஜெயிச்சாச்சுங்கற முரசு எதுவும் கிடையாது. இந்த ஆர்க்கெஸ்ட்ராவுல தாள வாத்தியமும் பித்தளை வாத்தியமும் கிடையவே கிடையாது.

2011 டிசம்பர்ல நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் இது நடந்துக்கிட்டிருந்தப்போ, வெளியில ஆக்குபை வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரங்க போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. ஷோ முடிஞ்சு கிளாஸ் வெளியே வந்து, அந்தக் கடைசிப் பாட்டோட வரிகளை ஆங்கிலத்துல சொன்னார். மைக் இல்ல. அவர் ஒரு துண்டு சொல்ல, கூட்டம் மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்ல, பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. முடிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து சொன்னார்.

கேக்கறவங்க மூணாவது அங்கத்துலிருந்து ஆரம்பிங்க, அது மட்டும் ஒரு கும்மிடிப்பூண்டி–சென்ட்ரல் டிரிப்புக்குள்ளயே முடிஞ்சுடும். ஸ்பீக்கர்ல வேண்டாம், ஹெட்ஃபோன். தாளம் போட வேண்டாம். அடுத்த எபிசோடுல மெஸ்ஸியான், நம்ம சார்ங்கதேவர் எழுதி வச்ச தாளப் பட்டியலை எடுத்துக்கிட்டு அவர் என்னவெல்லாம் பண்ணார்னு பார்க்கலாம்.