பெட்டியும் ஒரு வாத்தியமே!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கச்சேரிக்கு முன்னால் ஒருத்தன் மைக்கைப் பிடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம் கல்லூரி இசைக்குழுவுக்கு 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கித் தரலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. "இருக்கிற 50 வாட்ஸ் போதலை சார், கொசு கத்துற மாதிரி கேக்குது" என்பது மாணவர்கள் குறை. போய்க் கேட்டுப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் குற்றமில்லை. அதோடு மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டிதான் மெல்லிய பலகையில் செய்த சின்னப் பெட்டி.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1962-ல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவர் ஆட்களும் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைத்தான் பெரும்பாலும் பின்பற்றினார்கள். ஆனால் வந்த நாதமோ வேறு! உதிரி பாகங்கள் மாறியது ஒரு காரணம். பெட்டி மாறியது இன்னொரு முக்கிய காரணம். பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டி, 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. மார்ஷலில் பின்புறம் மூடிய தனிப்பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு.

பின்பலகையில் அப்படி என்ன இருக்கிறது? ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்புறம் திறந்திருந்தால், பின்னால் வரும் அலை சுற்றி வந்து முன் அலையோடு கழிந்துபோகும். கீழ்ஸ்தாயியில்தான் இந்த நஷ்டம் அதிகம். கிடாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ்; அது மெலியும். பதிலுக்கு, ஒலி அறையெங்கும் பரவும். மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும். ஒலி கெட்டியாக, நேராக முன்னால் பாயும்.

ஸ்பீக்கருக்கும் இதில் பங்கு உண்டு. கிடார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். குறைபாடு என்று நினைக்காதீர்கள். அதுதான் டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டித் தருகிறது. அதே ஒலியை வீட்டு ஹை-ஃபை ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், காதில் ரம்பம் அறுக்கும்!

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரே வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபல், இன்னொன்று 100 டெசிபல் கொடுத்தால், அந்த 3 டெசிபல் வித்தியாசம் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அப்புறம் எதுக்கு 100 வாட்ஸ்?

ஆகவே என் யோசனை இது: நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வாங்கிக் கொடுப்போம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பெட்டியை மாணவர்களே நம் ஒர்க்‌ஷாப்பில் செய்யட்டும். பின்பலகையைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். இரண்டு விதமாகவும் கேட்டு, உங்கள் காதே தீர்ப்புச் சொல்லட்டும். 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டை பேரலலாக இணைத்தால் 8 ஓம். நம் ஆம்ப்ளிஃபயர் கேட்பதும் அதுதான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அது வால்வு செட். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மிச்சப் பணத்துக்குக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் உங்கள் பெட்டி பேசட்டும், நான் கேட்கிறேன்.