வேலையா, தண்ணீரா என்று எங்களைக் கேட்காதீர்கள்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாவட்ட வளர்ச்சி'. எந்த மாவட்டம்? 2019 நவம்பரில் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். நம்முடைய ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம். கலெக்டர் மூன்று பேர். பாலாறு ஒன்றுதானே ஐயா? நான் மூன்றையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் சந்தோஷமான செய்தி. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. டிசம்பரில் அதே பனப்பாக்கத்தில் தைவான் நாட்டு ஹோங் ஃபூ காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல். 1,500 கோடி, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. கணக்குப் போடுங்கள் தம்பிகளே! கார் கம்பெனியில் கிட்டத்தட்ட இரண்டு கோடி போட்டால் ஒருவருக்கு வேலை. செருப்புக் கம்பெனியில் ஒரே கோடிக்குப் பதினாறு பேருக்கு வேலை! காரும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதிகம் பேருக்குச் சோறு போடுவது காலில் போடுகிற செருப்புதான். அந்தத் தொழிலை இந்த ஊர் எத்தனை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது!

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தத் தட்டல் எனக்கு வேண்டாம். பேரணாம்பட்டு ரோட்டில் ஓர் அம்மா இருக்கிறார், அவருக்குப் போகட்டும்.

பேர் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்கு வேலை கொடுக்கிற ஏஜென்ட் கோபித்துக்கொள்வார். ஐம்பதைத் தாண்டியவர். மொபெட்டில் ஏஜென்ட் கொண்டுவந்து போடும் பையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், இருக்கும். வாசப்படியில் உட்கார்ந்து அதைக் கையால் தைப்பார். ஆள்காட்டி விரலில் பழைய துணியைச் சுற்றிக்கொள்வார். சுற்றாவிட்டால் மெழுகு நூல் சதையை அறுத்துவிடும். வெளிச்சம் போய்விட்டால் ஓட்டை தெரியாது, பேத்தி டார்ச் பிடிப்பாள். ஒரு ஜோடி தைத்த கூலியில் ஒரு டீ குடிக்கலாம், கூட வடை வாங்க முடியாது. பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. அந்த ஷூ வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி போட்டதே, அந்தச் சமயத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "வரி போட்டுட்டாங்க, தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "வரி எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பை வரலை, அது தெரியும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணர் சொல்லிவிடுவார்?

சில பேர் சொல்கிறார்கள், தோல் தொழில் முடிந்துபோன கதையாம். சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு, பாதி முடிந்த தோலைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தோம். 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு சொன்னது: பாதி முடிந்த தோலை அனுப்பாதே, முழுதாக முடித்து, செருப்பாகத் தைத்து அனுப்பு. அரசு அந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. அதற்கப்புறம்தான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் பதனிடும் ஷாப்பில் ஆண்கள் மட்டும் நின்ற ஊரில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மெஷினில் உட்கார்ந்தார்கள். அரசு மனசு வைத்தால் ஒரு ஊரின் பிழைப்பையே திருப்பிப் போடலாம் என்பதற்கு வேறெங்கும் போய் சாட்சி தேட வேண்டாம்.

ஆனால் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அதே மாற்றத்தோடுதான் தோல் பதனிடும் ரசாயனமான குரோமும் பெருகியது. கூலியும் குரோமும் ஒரே வாசலில் நுழைந்தன. ஒரு கிலோ தோல் பதனிட முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவும் கழிவாகி எங்கே போயிற்று? கிணற்றுக்குப் போயிற்று, தென்னந்தோப்புக்குப் போயிற்று. 1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தீர்ப்பு. 35,000 ஹெக்டேர் நிலம் பாழ் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. கெடுத்தவனே கட்டு என்ற சட்ட நெறியை நாடு முழுக்க இந்த வழக்கை வைத்தும் பேசுகிறார்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊர் பேரைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். நம் விவசாயி நஷ்டஈட்டுக்கு அலைகிறார்! 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றமே வந்து, விடுபட்டவர்களுக்கு அரசே, முதலில் நீ பணத்தைக் கொடு, பிறகு ஆலைகளிடம் வசூல் செய்துகொள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேதான் சில மேதாவிகள் வருகிறார்கள். பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். "வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, ஒன்றைச் சொல்" என்கிறார்கள். உன் வீட்டுப் பிள்ளையிடம் இப்படிக் கேட்பாயா? சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று எந்தத் தாய் கேட்பாள்? 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். வேலையைக் கேட்டு வந்தவனைக் கழிவு கொன்றது. வேலையும் தண்ணீரும் வேறு வேறு என்று இனி ஒருவன் இந்த மண்ணில் நின்று சொல்லக் கூடாது! ஒழுங்கான சுத்திகரிப்பு நிலையம்தான் தோல் தொழிலுக்கு முதல் உள்கட்டமைப்பு. ரோடு, பாலம் எல்லாம் அதற்கப்புறம்.

ரோடு என்றதும் ரயில் ஞாபகம் வருகிறது. திண்டிவனம்–நகரி பாதை. வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாகப் போக வேண்டிய பாதை. 2006-07 பட்ஜெட்டில் அனுமதித்தார்கள். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. ரயில் வரவில்லை.

ஆம்பூரிலிருந்து பனப்பாக்கம் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். நம் பெண்கள் எப்படிப் போவார்கள்? அந்த அம்மா எப்படிப் போவார்? முப்பது வருஷம் தைத்த அந்த விரல்களைவிடவா பெரிய மூலதனம் தைவானிலிருந்து வந்துவிடப்போகிறது? வயதாகிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. அவரைப் பயிற்சியாளராக உட்கார வையுங்கள் என்கிறேன். சென்னை அடையாறில் 1948லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் பயிற்சிக் கூடம் ஒன்று இந்த ஆம்பூரில் வேண்டும். வீட்டில் தைப்பவருக்குத் தொழிலாளி என்று அடையாள அட்டை வேண்டும். பை வராத மாதத்துக்கு உதவித்தொகை வேண்டும். பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஷிப்ட் நேரத்துக்கு பஸ் வேண்டும், பெண்கள் தங்க பனப்பாக்கத்தில் விடுதி வேண்டும்.

இதையெல்லாம் மனுவாக எழுதியிருக்கிறோம். மூன்று கலெக்டர்களுக்கும் மூன்று பிரதி. வாசலில் மேஜை போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் பிரியாணிப் பக்கம் போகாதீர்கள். ஊர் பேர், வார்டு எண் தெளிவாக எழுதுங்கள். அடுத்து பேச வேண்டிய தோழர் காத்திருக்கிறார்.