புனே, மார்ச் 1897



1897 மார்ச் மாதம். புனே நகரில் பிளேக். நோயை அடக்க அமைத்த குழுவுக்குத் தலைவர் டபிள்யூ.சி. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. கையில் பிப்ரவரியில் பிறந்த தொற்றுநோய்ச் சட்டம், பின்னால் பட்டாளம். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறையும் தப்பவில்லை. பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று ஊர் குமுறியது. தட்டுமுட்டுச் சாமான்கள் தீக்குப் போயின.

நோயாளியைப் பிரித்து வைப்பதையோ வீட்டைச் சுத்தம் செய்வதையோ எந்த மருத்துவப் புத்தகமும் தவறென்று சொல்லாது. ஆனால் ஊர் நோயாளிகளை ஒளித்துவைத்தது, பிணங்களைக்கூட மறைத்தது. நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வந்த குழுவின் கண்ணுக்கே நோய் தெரியாமல் போயிற்று! ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பிய ராண்டை, இந்தக் கெடுபிடிகளால் கொதித்திருந்த சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஜூலை 3 அன்று அவர் இறந்தார்.

அதே ஊரில் வேறொரு வைத்தியமும் நடந்தது. மருத்துவரான மகன் யஷ்வந்துடன் சேர்ந்து சாவித்திரிபாய் பூலே நகருக்கு வெளியே பிளேக் நோயாளிகளைப் பராமரித்துவந்தார். நோய் கண்ட ஒரு சிறுவனை முதுகில் சுமந்தே கொண்டுவந்தார். தொற்று அவரையும் பிடித்தது; மார்ச் 10 அன்று காலமானார். அவர் அந்த ஊருக்குப் புதியவர் அல்லர். 1848 முதலே பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னவர். அதற்காகச் சாணியடி பட்டவர். குழுவுக்குத் தலைவரானபோது ராண்டுக்கோ புனேயில் சில மாதப் பழக்கம்கூட இல்லை.

ராண்ட் ஏந்திய சட்டம்தான் 2020இல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தது. முறைப்படி புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்பதை அந்தத் தெருவுக்கு முன்கூட்டியே யார் போய்ச் சொன்னார்கள்? அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. தேவையான சட்டம்தான். ஆனாலும் அது கல் விழுந்த பிறகு வந்தது.

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்களில் சிலர் விரைவில் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்பீர்கள். கொள்ளைநோய் ஏதும் இல்லாத ஒரு நாளில் அந்த ஊர்த் தெருக்களில் நடந்து வாருங்கள். கிராம சுகாதார நர்சம்மாவையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் என்பது அவருக்குத் தெரியும்.