கம்பியில் தவறும் செய்தி

2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமான தளத்திலிருந்து நம் நாட்டு இலகு போர் விமானம் முதன்முறையாக வானில் எழுந்தது. பின்னர் 'தேஜஸ்' என்று பெயர் பெற்ற விமானம் அதுவே. அதன் இறக்கையையும் எஞ்சினையும் பற்றிப் பேசுவோர் பலர். அதன் உடலுக்குள் கருவிக்குக் கருவி செய்தி சுமந்து செல்லும் கம்பியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அக்கம்பியைப் பற்றியும், அதில் செய்தி தவறும் விதத்தைப் பற்றியும் இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

பல கருவிகளுக்குப் பொதுவான இக்கம்பித் தடத்தைப் பொறியாளர்கள் 'பஸ்' என்பார்கள். எல்லோருக்கும் உரியது என்னும் பொருளுடைய 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால்தான் இதுவும், நாம் ஏறிச் செல்லும் வண்டியின் பெயரும். தேஜஸில் உள்ள தடம் 1553 பி என்ற இலக்கமுடைய அமெரிக்க விதிமுறையைத் தழுவியது. அவ்விதி 1978-இல் வெளிவந்தது. தடத்தில் ஒரு தலைமை நிலையம் உண்டு; 31 கிளை நிலையங்கள் வரை இருக்கலாம். தலைமை கேட்டாலன்றிக் கிளை வாய் திறவாது. ஒரு நொடியில் 10 லட்சம் பிட்டுகள் ஓடும். 16 பிட்டுகள் சேர்ந்தது ஒரு சொல். ஒரு செய்தியில் 32 சொற்கள் வரை அடங்கும். கட்டளை பெற்ற கிளை, ஒரு நொடியின் 10 லட்சத்தில் 12 பங்கு நேரத்திற்குள் 'பெற்றேன்' என்று மறுமொழி தந்தாக வேண்டும்.

கணிப்பொறிக்கும் இத்தடத்திற்கும் இடையே தூதனாக நிற்கும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ் என்று ஒன்றிருந்தால் டிரைவர் இல்லாமல் முடியுமா! தொல்லை பெரும்பாலும் இந்தத் தூதனிடமே தொடங்குகிறது. அடியோடு செய்தி போகாவிட்டால் அது எளிய பிழை. அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். நூறு முறை போய் நூற்றோராம் முறை போகாமல் நிற்பதே பொறியாளரின் உறக்கத்தைக் கெடுப்பது.

மறுமொழி வராதபோது மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். முதல் தடம் பழுதானால் உதவுவதற்கென்று அதேபோன்ற இரண்டாம் தடமும் இருக்கிறது. டிரைவர் என்ன செய்கிறது? முதல் தடத்தில் தோற்றதை இரண்டாம் தடத்தில் அனுப்பிவிட்டு, 'செய்தி சேர்ந்தது' என்று மட்டும் மேலே சொல்லிவிடுகிறது. சொன்னது பொய்யன்று. ஆனால் முதல் தடத்தில் ஓர் இணைப்பு தளர்ந்திருப்பதை அது விழுங்கிவிட்டது. இரண்டு தடங்களோடு பறப்பதாக எண்ணும் விமானி ஒன்றோடுதான் பறக்கிறார். எனவே மறுமுயற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுமுயற்சிகளை எண்ணி, எந்தத் தடத்தில், எந்தக் கிளையில் என்று எழுதி வைக்காத டிரைவரை ஏற்கலாகாது என்கிறேன். எண்ணிக்கையற்ற மறுமுயற்சி, சுவரின் விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்றது.

செய்தி செல்லும் முறைகளும் ஒன்றல்ல. கிளையிலிருந்து கிளைக்கு நேரே அனுப்பும் முறையில் பெற்றவர், தந்தவர் இருவரும் மறுமொழி தருவர். டிரைவர் ஒருவர் மறுமொழியை மட்டும் பார்த்தால் ஏமாறும். அனைவர்க்கும் ஒருங்கே அறிவிக்கும் முறையிலோ மறுமொழியே கிடையாது. விதியை எழுதியவர்களே அதனைக் கண்டபடி கையாள வேண்டாமென்று எச்சரித்திருக்கிறார்கள்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. தரையிலிருந்து விமானத்தின் உயரம் சென்டிமீட்டரில் இரண்டு சொற்களாக வருகிறது என்று கொள்வோம். 65,535 என்ற எண்ணில் மேற்சொல் 0, கீழ்ச்சொல் 65,535. அடுத்த 65,536-இல் மேற்சொல் 1, கீழ்ச்சொல் 0. டிரைவர் பழைய மேற்சொல்லைப் படித்து முடித்த கணத்தில் புதிய செய்தி வந்து நினைவகத்தில் அமர்கிறது. அடுத்துப் படிப்பது புதிய கீழ்ச்சொல். மேலும் 0, கீழும் 0. 655 மீட்டர் உயரத்தில் செல்லும் விமானம் தரையில் இருப்பதாகக் கணக்காகிறது! ஒவ்வொரு சொல்லும் பழுதின்றி வந்தது. சோதனை பிட்டுகளும் சரியாகவே உள்ளன. கம்பியை எத்தனை முறை மாற்றினாலும் இப்பிழை போகாது. இரண்டு பெட்டிகள் வைத்து, ஒன்று நிரம்பும்போது மற்றதைப் படிப்பதே வழி.

தடத்தில் எதுவும் பேசாது கேட்டுக்கொண்டே இருக்கும் கண்காணிப்பு நிலையம் ஒன்றும் விதிமுறையில் உண்டு. பிழை தேடுவோர்க்கு அதுவே கண். ஒவ்வொரு சொல்லையும் வந்த நேரத்தோடு அது குறித்து வைத்தால், தவறு கம்பியிலா, கிளையிலா, டிரைவரிலா என்று பிரித்தறியலாம். குறிப்பில்லாமல் நிரலை இங்கொரு வரி அங்கொரு வரி மாற்றிப் பார்ப்பதால் நேரம் சற்றே நகர்ந்து பிழை மறைந்துகொள்ளும், ஒழியாது.

இதே 1553 தடம் செவ்வாய்க் கோளுக்கும் சென்றது. 1997 ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' அங்கு இறங்கிற்று. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானே நின்று தானே தொடங்கலாயிற்று. அன்றன்றைய பணி மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. தடத்தின் செய்திகளைப் பங்கிடும் முதன்மையான பணி, காற்றுநிலை அளக்கும் சிறு பணி பிடித்து வைத்திருந்த ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது. அச்சிறு பணியை இடைத்தரப் பணிகள் ஓடவிடவில்லை. பங்கீடு உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட மேற்பார்வைப் பணி கணிப்பொறியை மறுபடி தொடக்கிவிட்டது. பூமியிலிருந்த இரட்டைப் பிறவிக் கணிப்பொறியில் நிகழ்ச்சிக் குறிப்புகளை இயக்கி, அதே நிறுத்தத்தை மீண்டும் வரவழைத்த பிறகே காரணம் விளங்கிற்று. பூட்டை வைத்திருக்கும் சிறு பணிக்குக் காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாகத் தரும் அமைப்பை இயங்கச் செய்ததும் தொல்லை நின்றது. அந்நிறுத்தம் கலம் செவ்வாயில் இறங்குமுன்னரே தோன்றியிருந்தது, மறக்கப்படவும் இல்லை. தேடியபோது அது மீண்டும் வர மறுத்துவிட்டது.