கரண்டை மூட்டின் குருத்தெலும்பு நோய்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் ஆசிரியர் கால்நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். வைத்தியம் சொல்ல யாம் வரவில்லை. எமது பிழை ஒன்றைச் சொல்லவே வந்தோம். சில ஆண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் சடுகுடு ஆடுகையில் கால் பிசகி வீழ்ந்தான். சுளுக்கு என்று எண்ணி வீட்டார் எண்ணெய் தடவி உருவிவிட்டனர். வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. மாதங்கள் சென்றும் அவன் நொண்டுவதைக் கண்டு, உடற்பயிற்சிக்கு அஞ்சிச் சாக்குச் சொல்லுகின்றான் என்று யாமே கடிந்தோம். நான்காம் மாதத்தில் எடுத்த படத்தில், கரண்டைக்குள் எலும்பின் துண்டொன்று பெயர்ந்து கிடந்தது. அவன் பொய் சொல்லவில்லை; எமக்குத்தான் அறிவு போதவில்லை.

இந்நோய் யாது? கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கவடுபோல் நின்று, தாலஸ் என்னும் எலும்பை நடுவே கவ்வியிருப்பதே கரண்டை மூட்டு. உடலின் பாரம் அவ்வெலும்பின் வழியாகவே பாதத்திற்கு இறங்குகின்றது. அதில் தசை ஒன்றும் ஒட்டுவதில்லை. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் குருத்தெலும்பு மூடியுள்ளது. ஆதலின் இரத்தக் குழாய்கள் உட்புகும் இடம் குறைவு. குருத்தெலும்போ இளநீர் வழுக்கைபோல் வழவழப்பானது. அதற்கு நரம்புமில்லை, இரத்தக் குழாயுமில்லை. நரம்பின்மையால் தன் துன்பத்தைத் தானே அறிவியாது. இரத்தமின்மையால் எளிதில் ஆறாது. நாம் உணரும் வலி, அதன் அடியிலுள்ள எலும்பினின்றும், மூட்டைச் சூழ்ந்த சவ்வினின்றும் எழுவதாகும்.

கால் பிசகும்போது தாலஸின் மேல்விளிம்பு பக்கத்து எலும்பில் மோதுகின்றது. குருத்தெலும்பும் அதன் அடியெலும்பும் நசுங்கலாம், அல்லது வெடிக்கலாம். பின்னர், சுவரிற் காரை பெயர்வதுபோல் அத்துண்டு பெயரவுங்கூடும். அடிபட்ட நினைவே இல்லாதார்க்கும் இது சிலபோது வருவதுண்டு.

குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்பதை லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதினார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரான்ஸ் கோனிக் 1887-இல், அழற்சியே காரணமெனக் கருதி இந்நோய்க்குப் பெயரிட்டார். அக்கருத்து நில்லாமற்போயினும் பெயர் நின்றது. கரண்டையில் இது தோன்றுவதைக் காப்பிஸ் என்பார் 1922-இல் எடுத்துரைத்தார். பெர்ண்ட், ஹார்ட்டி என்னும் இருவர் 1959-இல் அடிபடுதலே இதன் பெருங்காரணம் என விளக்கி, நான்கு நிலைகளாக வகுத்தனர். எலும்பு நசுங்குதல் முதல் நிலை; துண்டு ஓரளவு பிரிதல் இரண்டாவது; முற்றும் பிரிந்தும் இடம் பெயராமை மூன்றாவது; இடம் பெயர்தல் நான்காவது. முதல் நிலைகளில் கண்டால், குறிப்பாக வளரும் பருவத்துப் பிள்ளைகட்கு, கட்டும் ஓய்வுமே பெரும்பாலும் போதும். இறுதி நிலைக்கு அறுவையே வழி. அதில் துண்டை நீக்கி, அடியெலும்பில் நுண்துளைகள் இடுவர். அவற்றின் வழி இரத்தம் கசிந்து நார்க்குருத்தெலும்பு உண்டாகும். அஃது இயற்கைக் குருத்தெலும்பின் வன்மையுடையதன்று.

ஆதலின் அன்பர்கள் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டுகின்றோம். கால் பிசகியவுடன் நான்கடி எடுத்து வைக்க இயலாதாயின், உருவிவிடாமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆறு வாரத்திற்கு மேலும் வலியோ வீக்கமோ நீடித்தால், மூட்டு சிக்கிக்கொள்வதுபோல் தோன்றினால், எலும்பு மருத்துவரை அணுகுக, எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, தொடக்க நிலையும் தப்பிவிடக்கூடும், எம்.ஆர்.ஐ. படமே அதனைக் காட்டும். மூன்றாவது, ஓய்வைச் சோம்பல் என்று எண்ணற்க.

மூன்றாவதே நம் திருப்பூரில் அரியது. கட்டிங் மேசையிலும் அயர்ன் மேசையிலும் பகல் முழுதும் நிற்பவர், ஒரு வாரம் கூலி போனால் அடுப்பெரியாது என்று அஞ்சி நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகின்றார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த இ.எஸ்.ஐ. திட்டம் இவ்வச்சத்திற்கு மருந்தாகும். உரிய சந்தா செலுத்தியவர்க்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை உண்டு. வேலையில் நேர்ந்த காயத்திற்கு 90 விழுக்காடு, வேலைக்கு இயலாத காலம் முழுதும் உண்டு. பதிவில்லாதார்க்கு இவை இல்லை. ஆகவே, பனியன் கம்பெனியிற் சேரும் நாளிலேயே பதிவைக் கேட்டுப் பெறுக. அத்திட்டத்தில் இல்லாதோர்க்கு 2022-இல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு.

அம்மாணாக்கன் அறுவை செய்துகொண்டு நடக்கின்றான். மீண்டும் சடுகுடு ஆடவில்லை. இன்று கட்டிங் மேசையருகே நிற்கின்றான். மாலையில் எம்மைக் காணும்போது, காலை மாற்றி மாற்றி ஊன்றியவாறே வணங்குகின்றான். அவ்வணக்கம் எம்மைச் சுடுகின்றது. உங்கள் வீட்டில் நொண்டி வரும் பிள்ளையை முதலில் நம்புங்கள், பிறகு கடிந்துகொள்ளலாம்.